பேர் தெரியாத பொடியன்

சபரகமுவ மாகாணத்து இறப்பர்த் தோட்டங்களில் ஞாயிற்றுக்கிழமை பந்தடி என்றால், ஆட்டம் சனிக்கிழமை அந்தியிலேயே தொடங்கிவிடும். பால் நிறுத்து, வாளி கழுவி, பீலியில் குளித்துவிட்டு வந்த ஆண்கள், லயம் என்னும் வரிசை வீடுகளின் வாசலில் வரிசையாகக் குந்திக்கொண்டு, வெற்றிலையை மடித்துக் கடைவாயில் அடக்கியபடி, மறுநாள் ஆற்றைக் கடந்து வரப்போகும் எதிர்க்கட்சியைப் பற்றிப் பேசுவார்கள். அந்தப் பேச்சில், நாலு தோட்டமும் அறிந்த அவர்களுடைய தலைவனுக்கோ, சென்ற வருஷம் நம் கோலுக்குள் மூன்று முறை பந்தை அனுப்பிய பிரசித்திபெற்ற முன்வரிசைக்காரனுக்கோ அதிக இடம் இராது. பதினொருவரில் எவனுடைய பெயரை இதுவரை நம்மில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லையோ, எவனை இன்னார் மகன், இன்னார் மருமகன் என்று அடையாளம் சொல்ல முடியவில்லையோ, அந்த ஒருவனைச் சுற்றியே ஐயமும் அச்சமும் அநுமானமும் இருட்டும்வரை சுழன்றுகொண்டிருக்கும். “பெரிய ஆளை விடு, அவன் எப்பவும் வர்றவன்தான். எவனாச்சும் பேர் தெரியாத பொடியன் ஒருத்தன் வருவான் பாரு, அவந்தான் நமக்குக் கொள்ளி வைப்பான்” என்று யாராவது ஒரு பெரியவர் சொல்ல, மற்றவர்கள் மறுக்காமல் தலையசைப்பார்கள்.

பந்தாட்டம் பார்க்கும் ஜனங்கள் எந்தத் தேசத்தில் இருந்தாலும் இந்த அச்சம் அவர்களிடம் உண்டு. வருஷம் முழுவதும் ஒரு கோலும் போடாமல் கிடந்த எவனோ ஒருவன், நம்முடைய கட்சிக்கு எதிராக வந்த அன்றைக்கென்று பார்த்துப் பிரகாசிப்பான் என்ற நம்பிக்கை, ஆங்கிலேயரின் ஆலை நகரங்களிலும் கல்கத்தாவின் மைதானத்திலும் ஒன்றுபோலவே நிலவுவது. ஆயினும் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தோட்டங்களில் அது வெறும் விளையாட்டுப் பேச்சாக இருந்ததில்லை. பேர் தெரியாதவன் என்ற சொல்லுக்கு அந்த லயங்களில் இருந்த கனம் வேறெங்கும் இல்லாதது. அந்தக் கனத்தின் விருத்தாந்தத்தை, அதைச் சுமந்தவர்கள் எல்லாரும் மறைந்துபோகுமுன் எழுதிவைக்க வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை.

வரப்போவதை முன்கூட்டி அறிய விழையும் இந்த மனோபாவம் நம்மவர்க்குப் புதிதன்று. போருக்குச் சென்ற தலைவனின் நிலையை அறிய, முதுபெண்டிர் நெல்லும் பூவும் கொண்டு ஊர்ப்புறத்தே சென்று, அயலார் யாரேனும் தற்செயலாகப் பேசும் நல்வார்த்தையைக் கேட்டு நிற்கும் விரிச்சி என்னும் வழக்கத்தை முல்லைப்பாட்டிலே நப்பூதனார் காட்டுகிறார். தாயைப் பிரிந்து வாடும் கன்றுக்கு இடைச்சிறுமி சொன்ன ஆறுதல் மொழியே அவர்களுக்கு நிமித்தமாக அமைகிறது. எதிரியை அறியாமல் இகழ்ந்தவர்களின் கதையும் நமக்குப் பழையதுதான். பாண்டியன் நெடுஞ்செழியன் அரியணை ஏறியபோது அவனைச் சிறுபிள்ளை என்று எண்ணிச் சேரனும் சோழனும் வேளிர் ஐவருமாக எழுவர் திரண்டு வந்ததும், காலின் சதங்கையைக் கழற்றி அதிக நாள் ஆகாத அந்தப் பிள்ளை தலையாலங்கானத்தில் எழுவரையும் வென்றதும், இடைக்குன்றூர்கிழார் போன்ற புலவர்களால் பாடப்பட்ட சரித்திரம்.

இவற்றைக் காட்டிலும் தோட்டத்து மக்களின் நெஞ்சுக்கு நெருங்கியது பாரதக் கதையிலே கர்ணன் அரங்கினுள் பிரவேசிக்கும் இடம். அருச்சுனன் தபசு நடக்கும் இரவுகளில், வேஷங்கட்டி முடியும்வரை காத்திருக்கும் நேரத்தில், கூத்து வாத்தியார் அந்தக் கட்டத்தைக் கதையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அரசகுமாரர்கள் வித்தைகளைக் காட்டி முடித்த அரங்கிலே, ஒருவரும் அறியாத இளைஞன் ஒருவன் வந்து நிற்கிறான், அவர்கள் செய்த யாவற்றையும் தானும் செய்து காட்டுகிறான், அப்போது கிருபாசாரியர் எழுந்து, நீ எந்தக் குலம், யாருடைய மகன் என்று கேட்கிறார், கர்ணன் தலைகுனிகிறான். அந்த இடத்தில் வாத்தியார் சற்று நிறுத்துவார். கேட்டுக்கொண்டிருக்கும் கிழவர்களில் ஒருவரும் இருமக்கூட மாட்டார்கள். அந்தக் கேள்வியைத் தம் வாழ்நாளில் எத்தனை உத்தியோகத்தரிடமிருந்து எத்தனை முறை கேட்டவர்கள் அவர்கள்!

தோட்டத்துப் பாஷையில் ‘பேர்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று எல்லாத் தமிழரும் அறிந்தது. மற்றது செக்ரோல் என்னும் வேலைப்பதிவேட்டிலே ஒருநாள் உழைப்புக்காக விழும் குறி. முழு வேலை செய்தவனுக்கு ஒரு பேர். குறைவாகப் பால் கொண்டுவந்தவனுக்கு அரைப்பேர். பிரட்டு என்னும் காலை ஆளெடுப்புக்குப் பிந்தி வந்து திருப்பியனுப்பப்பட்டவனுக்குப் பேரே இல்லை. மாதக் கடைசியில் ஒருவரையொருவர் ‘எத்தனை பேர்?’ என்று கேட்டுக்கொண்டால், சம்பளம் உண்டான நாட்கள் எத்தனை என்பதே கேள்வி. மனிதனுடைய பெயரும் அவன் விற்ற ஒருநாளும் ஒரே சொல்லாகிவிட்ட இந்த விபரீதத்தை வேறு எந்தத் தமிழ்நிலத்திலும் நான் கண்டதில்லை.

இந்தப் பதிவேட்டுக்கும் முன்னர் துண்டு என்று ஒன்று இருந்தது. ஆளைக் கொண்டுவந்த கங்காணியின் கணக்கில் அவன் பெயருக்கு எதிரே நின்ற கடன் தொகையை எழுதி, அதை அடைப்பவர் இவனை எடுத்துக்கொள்ளலாம் என்று துரை கையெழுத்திட்டுக் கொடுத்த கடுதாசி அது. அதைக் காட்டாமல் வேறு தோட்டம் செல்ல முடியாது. 1921 ஆம் ஆண்டில் சட்டம் அந்த முறையை ஒழிக்கும்வரை, ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு ஒரு மனிதனுக்கு முன்னால் சென்றடைந்த கியாதி அவனுடைய கடன் ஒன்றே. அவன் தப்படித்தால் மலை அதிரும் என்பதோ, அவன் கத்தி பட்டையில் காயம்படாமல் வழுக்கும் என்பதோ, அவன் ஓடினால் யாரும் பிடிக்க முடியாது என்பதோ அந்தக் கடுதாசியில் எழுதப்படவில்லை.

சபரகமுவ தனி மாகாணமாக அமைந்தது 1889 இல். அந்நாளில் அதன் மலைச்சரிவுகளில் கோப்பி அழிந்து தேயிலை பரவிக்கொண்டிருந்தது. 1876 இல் ஹேனரத்கொடைப் பூங்காவுக்கு வந்து சேர்ந்த பிரேசில் நாட்டுக் கன்றுகளின் வம்சம், இருபதாம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் களனிப் பள்ளத்தாக்கு முழுவதையும் இறப்பர்க் காடாக மாற்றிவிட்டது. 1902 இல் அவிசாவளைக்கும் 1912 இல் இரத்தினபுரிக்கும் 1919 இல் ஓபநாயக்கவுக்கும் போய்ச் சேர்ந்த குறுகிய பாதைக் கோச்சி இறப்பரையும் தேயிலையையும் கொழும்புக்குக் கொண்டுபோனது. திரும்பி வரும்போது அரிசி மூட்டைகளோடு எப்போதாவது ஒரு தோல்பந்தும் வந்தது. அவிசாவளைக்கு அருகே தல்துவையில் துரைமாருக்குக் கிளப் இருந்தது. அவர்கள் அங்கே றகர் ஆடினார்கள், அதற்கென்று பச்சைப்பசேலென்ற மைதானமும் வைத்திருந்தார்கள். நம்மவர்க்கு அந்த நீள்வட்டப் பந்திலே மனம் செல்லவில்லை. விடுமுறைக்கு வந்த கிளாக்கர் ஐயா, கண்டக்டர் ஐயா வீட்டுப் பிள்ளைகள் கொழும்புப் பள்ளிக்கூடங்களிலிருந்து கொண்டுவந்த உருண்டைப் பந்துதான் லயத்துக்குள் உருண்டது என்று எங்கள் பக்கத்து முதியோர் சொல்வார்கள்.

உதைபந்தாட்டம் தேயிலைத் தோட்டத்தைக் காட்டிலும் இறப்பர்த் தோட்டத்தில் ஏன் நன்றாக ஊன்றியது என்பதை யோசித்தால், அதற்குக் காரணம் மரத்தின் சுபாவமே என்று தோன்றும். வெயில் ஏறுமுன், பட்டையின் குளிர்ச்சி மாறாதிருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும். ஆகவே விடியற்கருக்கலில் கத்தியோடு மலைக்குப் போனவன், சிரட்டைகளில் நிறைந்ததைச் சேகரித்து ஸ்டோரில் அளந்து கொடுத்துவிட்டால், பிற்பகல் பெரும்பாலும் அவனுடையது. மழை பெய்து மரம் நனைந்த காலையில் வெட்டே இல்லை; அன்று பேரும் இல்லை. ஆண்டுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் இரத்தினபுரிப் பக்கத்திலே அத்தகைய பட்டினி நாட்கள் எத்தனை இருந்திருக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். தை மாசியில் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும் காலத்திலும் வெட்டுக் குறைந்துவிடும். வருமானம் சுருங்கி, வானம் வெளுத்து, கால்கள் ஓய்ந்திருந்த அந்த இரண்டு மாதங்களே எங்கள் பந்தடிக் காலம்.

பந்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். சிறுவர்களாகிய எங்களுக்குத் தோல்பந்தைத் தொட அநுமதி இல்லை. பால் வெட்டிய வடுவில் உலர்ந்து நூல்போல ஒட்டிக்கொண்டிருக்கும் ஒட்டுப்பாலை மெதுவாக உரித்து இழுத்து, ஒரு கந்தைச் சுருளின் மேல் சுற்றிச் சுற்றிப் பந்தாக்குவோம். ஒட்டுப்பாலும் தோட்டத்துச் சொத்தே, நிறுத்து வாங்கப்படுவது, ஆகையால் ஒரு மரத்தில் ஒரு இழை, அடுத்த மரத்தில் ஒரு இழை என்று யாரும் குறை காணாதபடி எடுப்போம். ஒரு பந்து திரள ஒரு மாதம் ஆகும். தரையில் அடித்தால் லயத்துக் கூரைக்கு மேலே எழும்பும். எந்தப் பக்கம் துள்ளும் என்று பிரம்மாவுக்கும் தெரியாது. அந்தப் பந்தை அடக்கிப் பழகிய காலுக்குத் தோல்பந்து வெகு சாது.

பெரியவர்களின் பந்து வேறு விதம். பதினெட்டுத் தோல் துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, உள்ளே இறப்பர்ப் பையைச் செருகி, சைக்கிள் பம்பினால் காற்றடித்து, பையின் கழுத்தை மடக்கிக் கட்டி, வாயைத் தோல்வாரினால் செருப்புக்குக் கட்டுவதுபோல இழுத்துக் கட்டுவார்கள். மழையில் நனைந்தால் அது கருங்கல்லாகிவிடும். கட்டிய வார் நெற்றியில் பட்டால் தழும்பு நிச்சயம். எங்கள் தோட்டத்துப் பின்காவல்காரர் ஒருவரின் புருவத்தின் மேல் அந்த வாரின் முடிச்சு பிள்ளையார் சுழிபோலப் பதிந்திருந்ததை நான் எத்தனையோ முறை தொட்டுப் பார்த்திருக்கிறேன். எந்த மரத்தின் பாலை இவர்கள் காலையில் வடித்தார்களோ, அந்த இனத்து மரத்தின் பாலே ஏதோ ஒரு தேசத்து ஆலையில் பையாகி, பிற்பகலில் இவர்கள் காலடியில் வந்து துள்ளியது.

இனி எதிர்க்கட்சிக்கு வருவோம். கொழும்பிலே 1939 இல் இலங்கை உதைபந்தாட்டச் சங்கம் தோன்றி, 1952 இல் அது சர்வதேச சம்மேளனத்தில் சேர்ந்து, பத்திரிகைகளில் ஆட்டக்காரர்களின் பெயர்கள் அச்சாகிக்கொண்டிருந்த காலத்திலும், தோட்டத்துக்குத் தோட்டம் நடந்த ஆட்டங்களைப் பற்றி ஒரு வரியும் எங்கும் அச்சானதில்லை. ஒவ்வொரு தோட்டமும் ஒரு தீவு. நடுவே ஓர் ஆறும் ஒரு சிங்களக் கிராமமும் கிடந்தால், ஒரு மைல் தொலைவிலுள்ள லயத்தில் இன்று யார் வாலிபனானான் என்பது நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி, பெண் கொடுத்த வழி. அங்கே வாழ்க்கைப்பட்ட அத்தையும், அங்கிருந்து இங்கே வந்த மருமகளும், திருவிழாவுக்கும் சடங்குக்கும் துக்கத்துக்கும் வந்துபோகும்போது உதிர்க்கும் செய்திகளே எங்கள் உளவு. அக்கரைத் தோட்டத்துக்குப் புதிதாக வந்த தொழிற்சாலை உத்தியோகத்தரின் தம்பி சப்பாத்துப் போட்டு ஆடுகிறானாம் என்பதும், இன்னாருடைய தங்கைமகன் ஹட்டன் பக்கத்திலிருந்து வந்திருக்கிறானாம் என்பதும் இவ்வாறு வந்து சேரும். இதனால் ஒரு சங்கடமும் உண்டு. நமக்குக் கோல் போடப்போகிறவன் நம் வீட்டுப் பெண்ணைக் கட்டியவனாகவே இருப்பான். திட்டுவதற்கும் வாய் வராது.

1961 ஆம் ஆண்டு மாசி மாதத்தில் நடந்த ஓர் ஆட்டத்தை விரிவாகவே சொல்லுகிறேன். அப்போது எனக்குப் பதினொரு வயது. புளத்கொஹுப்பிட்டியவுக்கு மேலே எங்கள் தோட்டம். ஓயா என்னும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்ததை நாங்கள் அக்கரைத் தோட்டம் என்போம், அவர்கள் எங்களை அக்கரை என்பார்கள். ஸ்டோருக்குக் கீழே, கால்வாசி சரிவாக இருந்த பிரட்டுக்களமே மைதானம். பந்து கீழ்க்கோட்டைத் தாண்டினால் இறப்பர்க் காட்டுக்குள் ஓடி எடுத்துவர வேண்டும், எடுத்துவருபவன் காலில் இரண்டு அட்டையாவது இருக்கும். முதல்நாள் மாலைப் பேச்சிலே அபிப்பிராயம் முழுவதும் சப்பாத்துக்காரன் மேல் நின்றது. எங்கள் பெரியப்பா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பால் நிறுக்கும் இடத்தில் வேலை செய்தவர். மனிதர்களை அவர்கள் வாளியைத் தூக்கும் விதத்தைப் பார்த்தே எடைபோடுவார்.

“சப்பாத்துக்காரன் நோஞ்சான். போன மாசம் ஆத்துப் பாலத்துக்கிட்ட ஒரு ஒல்லிப்பயல் ரெண்டு கைலயும் வாளி, ஒரு சொட்டு சிந்தாம கல்லுக்குக் கல்லு தாவிப் போனான். அவன் ஆடுவானான்னு கேட்டுப் பாருங்கடா” என்றார்.

“அவனா? அவன் யாரு மகன்னுகூடத் தெரியாதே பெரியப்பா.”

“அதான் சொல்றேன்.”

மறுநாள் அந்த ஒல்லிப்பையன் வந்திருந்தான். பதினேழு வயதிருக்கும். வெறுங்கால், முழங்காலுக்கு மடித்துக் கட்டிய வேட்டித்துண்டு. பெரியப்பாவின் வாக்கை வேதமாகக் கொண்டு எங்கள் ஆட்கள் இருவரை அவன்மேலேயே நிறுத்தினார்கள். அந்த இருவரும் தம் கடமையைச் செவ்வனே செய்தார்கள் என்பதற்கு நான் சாட்சி. இடைவேளைவரை அவன் காலில் பந்து ஆறு முறைகூடப் படவில்லை. பட்டபோதெல்லாம் வலக்காலை மறித்து ஒருவர், உடலை மறித்து ஒருவர். சப்பாத்துக்காரன் சரிவிலே வழுக்கி இரண்டு தடவை விழுந்தான். பெரியப்பா கோயில் அரசடியில் உட்கார்ந்து, வெற்றிலை போடவும் மறந்து, அவனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிய இன்னும் சொற்ப நேரமே இருந்தபோது, மேட்டுப்பக்கத்திலிருந்து உருண்டு வந்த ஒரு பந்தை அவன் வாங்கினான். எங்கள் இருவரும் வழக்கம்போல வலப்புறத்தை அடைத்தார்கள். அவனோ, பாலத்துக் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குத் தாவுகிறவன்போல உடம்பை ஒருமுறை ஒசித்து, இடக்காலால் அடித்தான். பந்து எங்கள் கோல்காவலரின் தோளுக்கு மேலே போய் ஸ்டோர்ச் சுவரில் மோதித் திரும்பி வந்த பிறகுதான் அவர் கையைத் தூக்கினார்.

அன்றிரவு எங்கள் வீட்டில் அக்கரையிலிருந்து வந்திருந்த அத்தை, ஆண்களெல்லாரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, சோற்றுப் பானையைக் கிளறியவாறே சொன்னாள்: “அந்தப் பய நொட்டாங்காலன்தானே? எங்க லயத்துக் கோடிக் காம்பராப் பிள்ளைதான். சின்ன வயசுல வலதுகாலு ஒடிஞ்சு கட்டுப் போட்டிருந்தான், அன்னையிலருந்து எல்லாம் இடதுதான்.”

“ஏம்மா, இதை நேத்தே சொல்லக்கூடாதா?” என்று பெரியப்பா நொந்துபோய்க் கேட்டார்.

“என்னைய யாரண்ணே கேட்டீங்க?”

அந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் ஒருவரிடமும் பதில் இருக்கவில்லை. வாசலில் ஒவ்வொரு சனிக்கிழமையும் நடந்த அத்தனை ஆராய்ச்சியிலும், செய்தியைக் கொண்டுவருபவர்கள் பெண்களாக இருந்தும், அவர்களை அழைத்து உட்காரவைத்துக் கேட்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. போகிற போக்கில் காதில் விழுந்ததை எடுத்துக்கொண்டோம், மீதியை அடுப்படியில் விட்டுவிட்டோம். அடுத்த ஆட்டத்துக்கு முன்பு பெரியப்பா ஒரு சேர் சீனி வாங்கிக்கொண்டு ஆற்றைக் கடந்து தங்கை வீட்டுக்குப் போய்வந்தார்.

இதற்குப் பின்னால் நடந்ததுதான் என் சிந்தனையைப் பல வருஷங்கள் பிடித்து நிறுத்தியது. அந்தப் பையன் எங்கள் தோட்டத்தில் வீட்டுக்கு வீடு அறியப்பட்டவன் ஆனான். நொட்டாங்காலன் வருகிறானா என்று கேட்காமல் எந்த ஆட்டத்துக்கும் நாள் குறிக்கப்படவில்லை. எங்கள் சிறுவர்கள் ஒட்டுப்பால் பந்தை இடக்காலால் அடித்துப் பழகினார்கள், பழகி விழுந்தார்கள். அவனுடைய சொந்தத் தோட்டத்துச் செக்ரோலிலே அவன் மாதத்துக்கு இருபது பேர், இருபத்திரண்டு பேர். எங்கள் தோட்டத்திலோ அவனுக்கு ஒரே ஒரு பேர், அதுவும் பயத்தினால் நாங்கள் வைத்தது. அவனை எந்த அதிகாரியும் இன்னான் என்று ஏற்றதற்கு முன்னரே, எதிரிகளாகிய நாங்கள் ஏற்றுக்கொண்டோம். கர்ணனுக்கு அங்கதேசத்தைக் கொடுத்தவன் துரியோதனன். எதிர்வரிசையில் நின்ற பாண்டவரிலும் அன்று அவனை அஞ்சியவர் உண்டு அல்லவா, அந்த அச்சத்துக்கும் ஒரு பட்டாபிஷேகத்தின் பெருமை உண்டு என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

வெளியுலகத்திலும் இதே விதி நடந்திருப்பதைப் பிற்காலத்தில் படித்தேன். 1948 ஜூலை 31 ஆம் திகதி, இலண்டனை அடுத்த இல்ஃபோர்டில், ஒலிம்பிக் போட்டியில் சுதந்திர இந்தியா பிரான்சை எதிர்த்து ஆடியது. நம்மவரில் பலர் வெறுங்காலுடன் ஆடியதைக் காண ஜனங்கள் வியப்புடன் கூடினார்கள். பிரான்ஸ் ஒரு கோல் முந்தியிருந்த வேளையில் அதைச் சமப்படுத்தியவர் சாரங்கபாணி ராமன். ஆட்டத்துக்கு முன் அந்தப் பிரெஞ்சுக்காரரில் எவரும் அவர் பெயரை உச்சரித்திருக்கமாட்டார்கள். இரண்டு தண்ட உதைகளை இந்தியா வீணாக்கியது. கடைசி நிமிஷத்துக்குச் சமீபத்தில் பிரான்ஸ் இரண்டாவது கோல் போட்டு வென்றது. ஆனால் விடுதலை பெற்ற தேசத்தின் முதல் ஒலிம்பிக் கோல் ஒரு ராமனுடைய பெயரில் பதிவாயிற்று.

அந்த ஆட்டம் முடிந்து நாலு நாளைக்குள், ஓகஸ்ட் 4 ஆம் திகதி, கொழும்புப் பாராளுமன்றத்திலே இலங்கைப் பிரஜாவுரிமை மசோதா சமர்ப்பிக்கப்பட்டது. நவம்பர் 15 இல் அது 18 ஆம் இலக்கச் சட்டமாக நடைமுறைக்கு வந்தபோது, மூன்று தலைமுறையாக இந்த மலைகளை வெட்டித் திருத்திய மக்களில் மிகப் பெரும்பாலோர் எந்த நாட்டின் ஏட்டிலும் பெயர் இல்லாதவர்கள் ஆனார்கள். தகப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான், சான்று எங்கே என்று கேட்டது அந்தச் சட்டம். அரங்கின் நடுவே கிருபாசாரியர் கேட்ட கேள்வியே அது. ஆதிநாளைய கோப்பிக் காடும், மலைக்கு நடந்து வந்த பாதையில் மடிந்தவர்களும், பிறப்புப் பதிவு என்றால் என்னவென்றே அறியாமல் லயத்தின் இருட்டறையில் பிள்ளை பெற்ற தாய்மாரும் அதற்கு என்ன சான்று காட்ட முடியும்?

1950 இல், பிரேசில் நாட்டுப் பெலோ ஹொரிசொன்ட் நகரில், உலகக் கோப்பைப் போட்டியிலே இங்கிலாந்தின் மகா பிரசித்தமான அணியை ஐக்கிய அமெரிக்கா ஒரு கோலால் வென்றது. அதைப் போட்டவர் ஹெயிட்டி நாட்டில் பிறந்து, நியூயோர்க்கில் படித்துக்கொண்டே ஓர் உணவுக்கடையில் பாத்திரம் கழுவிவந்த ஜோ கேட்ஜென்ஸ். ஆங்கிலேயர் எத்தனையோ பேரை அஞ்சியிருப்பார்கள். பாத்திரம் கழுவுபவரை அஞ்சியிருக்கமாட்டார்கள். அவர் பின்பு தாய்நாடு திரும்பினார். 1964 ஜூலையில் சர்வாதிகாரி துவாலியேயின் ஆட்சியில் பிடித்துச் செல்லப்பட்டவர் திரும்பி வரவேயில்லை.

அதே 1964 இல், ஒக்டோபர் 30 ஆம் திகதி, எங்கள் ஆட்டங்களின் முடிவும் எழுதப்பட்டது. சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தின்படி, நாடற்றிருந்த எங்கள் மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்வது. இங்கே பேர் என்ற சொல் மூன்றாவது ஒரு பொருளைப் பெற்றுவிட்டது. ஒரே அணியில் ஆடியவர்களில் ஐவர் அங்கே, நால்வர் இங்கே, இருவர் எங்கே என்று தெரியாமல் பிரிந்தார்கள். பின்காவல்காரர் கோத்தகிரிக்குப் போனார், புருவத்து முடிச்சோடு. போகாமல் நின்றவர்களையும் காலம் விடவில்லை. 1972 லும் 1975 லும் தோட்டங்கள் அரசுடைமையாகி, சில நிலங்கள் துண்டாடப்பட்டன. 1977 ஓகஸ்டிலும் 1981 ஓகஸ்டிலும் மூண்ட இனக்கலவரங்களில் இரத்தினபுரி, காவத்தை, பலாங்கொடை, இறக்குவானைப் பக்கத்து லயங்கள் எரிந்தபோது, ஜனங்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வவுனியாவுக்கும் அதற்கு அப்பாலும் போய்ச் சேர்ந்தார்கள். ஆற்றின் இரு கரையிலும் அணிக்குப் பதினொருவர் தேறாத வருஷங்கள் அவை.

நொட்டாங்காலனின் குடும்பத்துக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது 1971 இல். அதற்குள் அவனுக்கு மணமாகி ஒரு பெண்குழந்தையும் இருந்தது. தலைமன்னார்க் கோச்சிக்குப் பொல்காவலைச் சந்தியில் ஏறவேண்டும். அழுகைக் கோச்சி என்று ஜனங்கள் பெயரிட்டிருந்த அந்த வண்டிக்கு, அவனை வழியனுப்ப அவனுடைய தோட்டத்தார் வந்தது இயல்பு. எங்கள் தோட்டத்திலிருந்தும் ஒன்பது பேர் லொறியில் போனோம். அன்றைக்கு எங்களுக்குப் பேர் இல்லை. மேடையிலே ஓர் உத்தியோகத்தர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஒரு பெயரைக் கூப்பிட்டபோது அவன் கையைத் தூக்கினான். பத்து வருஷம் அவனை அஞ்சி ஆடிய எங்களில் ஒருவருக்கும் அது அவன் பெயர் என்று அதுவரை தெரியாது.

வண்டி புறப்படும் சமயத்தில் பெரியப்பா சன்னலருகே போனார். அவருக்கு அப்போது கண் மங்கிவிட்டிருந்தது. கம்பியைத் தடவி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். சுற்றிலும் ஒப்பாரி, பேசுவது காதில் விழாது, ஆகவே உரக்கவே கேட்டார்.

“அங்க எந்தத் தோட்டத்துக்குப்பா போடுறாங்க?”

“கூடலூர்ப் பக்கம்னு சொல்றாங்க, பெரியவரே.”

“போய்ச் சேர்ந்ததும் ஒரு கடுதாசி போடு. பக்கத்துத் தோட்டம் எதுன்னு எழுது. நொட்டாங்காலன் ஒருத்தன் வந்திருக்கான், எடது பக்கத்தை அடைச்சுக்கங்கன்னு அவங்களுக்கு நான் எழுதணும்.”